கடைக்கும் மில்லுக்கும் பைபர் இழுக்க ஆள் பிடிக்கும் முன்

பைபர் (கண்ணாடி நூல் வழியே ஒளியால் தகவல் அனுப்பும் கேபிள்) வேலைக்கு ஆள் தேடும் முதலாளிமார் எடுத்த எடுப்பில் கேட்பது "மீற்றர் எவ்வளவு தம்பி?" என்பதுதான். வேலை பிழைக்கத் தொடங்குவதும் அந்தக் கேள்வியில்தான். ஒரு வளவுக்குள் நடக்கும் வேலையில் கேபிளின் விலை சிறிய பங்கு. மண் வெட்ட, குழாய் போட, தலைமயிர் அளவு கண்ணாடி நூலை ஒட்ட, ஒட்டியது சரிதான் என்று அளந்து காட்ட, இதற்குத்தான் காசு போகிறது. மீற்றர் விலையைக் குறைத்துக் கேட்டால், வருகிறவர் குறைப்பது இந்த நான்கில் ஒன்றை. பெரும்பாலும் கடைசியாக உள்ளதை.

முதலில் எந்த வேலை என்று பிரியுங்கள்

பைபர் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இரண்டு வேலை இருக்கிறது. இணைய இணைப்பை வீதியிலிருந்து உங்கள் கட்டடம் வரை கொண்டுவருவது ஒன்று. அதைச் சேவை நிறுவனமே தன் ஆட்களை வைத்துச் செய்யும். அந்தக் கேபிளும் சுவரில் பூட்டும் பெட்டியும் அவர்களுடையவை, நீங்கள் வேறு ஆள் பிடிக்கத் தேவையில்லை. மதிலடியிலிருந்து உபகரணம் வைக்கும் இடம் வரை ஒரு அங்குலக் குழாய், உள்ளே ஒரு நைலோன் கயிறு, பெட்டிக்குப் பக்கத்தில் யு.பி.எஸ்.ஸில் இருந்து வரும் பிளக், இவை மூன்றும் தயாராக இருந்தால் போதும். இல்லாவிட்டால் வந்தவர் கிட்டிய யன்னலால் கேபிளை நுழைத்து, ஆணியடித்துவிட்டுப் போய்விடுவார். போகும் முன் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பவர் மீற்றரில் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்கமான ஜீபொன் (சேவை நிறுவனங்கள் பைபரில் இணையம் தரும் முறை) பெட்டிகள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை ஏற்கும். டிபிஎம் என்பது ஒளியின் பலத்துக்கான அலகு, மைனஸ் எண் பெருகினால் ஒளி மங்கல். மைனஸ் 26 என்று காட்டினால் அன்றைக்கு இணையம் ஓடும், ஆனால் விளிம்பில் நிற்கிறது. மறுபடி ஒட்டித் தரும்படி அப்போதே கேளுங்கள்.

மற்றது உங்கள் வளவுக்குள், உங்கள் கட்டடங்களுக்கிடையே இழுப்பது. இங்கே இலங்கையின் கிழக்கில் என்றால், சம்மாந்துறையில் மில் கந்தோருக்கும் லொறி நிறுக்கும் தராசுக்கும் இடையில், கல்முனையில் கடைக்கும் பின்தெருக் களஞ்சியத்துக்கும் இடையில், பாசிக்குடாவில் வரவேற்பு மேசையிலிருந்து கடற்கரைப் பக்கத்துக் கடைசி அறை வரை. இதற்குத்தான் நீங்களே ஆள் தேட வேண்டும். இனி வருவதெல்லாம் இதைப் பற்றியே.

உண்மையில் பைபர்தான் வேண்டுமா?

ஒரே கட்டடத்துக்குள், 100 மீற்றருக்கு உட்பட்ட தூரம் என்றால் கற்.6 (Cat6) என்ற வழக்கமான செப்பு நெற்வேர்க் கேபிளே போதும். 100 மீற்றரைத் தாண்டினால் செப்பு கைவிட்டுவிடும். ஆனால் கிழக்கில் தூரத்தைவிட வலிய காரணம் மின்னல். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரத்தில் இறங்கும் இடி, இரண்டு கட்டடங்களின் நில இணைப்புகளுக்கிடையே ஒரு கணம் பெரும் மின்னழுத்த வேறுபாட்டை உண்டாக்கும். இரண்டையும் செப்புக் கேபிள் தொடுத்திருந்தால் அந்த மின் அதன் வழியாகவே ஓடி இரு பக்கத்து நெற்வேர்க் சுவிச்சையும், கமரா ரெக்கோடரையும், சிலவேளை கணினியையும் சேர்த்துக் கருக்கும். கண்ணாடியில் மின் ஓடாது. ஆகவே வேறு வேறு கட்டடம் என்றால் 40 மீற்றரானாலும் பைபர் போடுவதே புத்தி.

ஒரு எச்சரிக்கை. மின்னல் கேபிளால் வராவிட்டாலும் மின்வயரால் வரும். பைபரின் இரு முனையிலும் உள்ள சுவிச்சுக்கு சேர்ஜ் (திடீர் மின்னேற்றம்) பாதுகாப்பு வைக்காமல் விட்டால், பைபர் போட்டும் சுவிச் எரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டி வரும்.

ஆளைக் கூப்பிடும் முன் வளவைச் சுற்றி நடவுங்கள்

ஒரு தாளில் வளவின் படம் கீறுங்கள். கட்டடங்கள், கிணறு, மலக்குழி, தண்ணீர்க் குழாய் போகும் பாதை, மண்ணுக்குள் போகும் மின்வயர், லொறி திரும்பும் இடம், தென்னைகள், மாரியில் நீர் நிற்கும் மூலை. பிறகு கேபிள் போக வேண்டிய பாதையில் நாடா பிடித்து அளங்கள். வானத்தால் காகம் பறக்கும் தூரத்தை அல்ல, நிலத்தால் வளைந்து போகும் தூரத்தை.

நிலத்தில் 280 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்கும் ஆழத்துக்கும் பத்து வீதம், 28. ஒவ்வொரு முனையிலும் பின்னாளில் அறுந்தால் மறுபடி ஒட்டுவதற்குச் சுருட்டி வைக்க 10 மீற்றர், ஆக 20. மொத்தம் 328, 330 மீற்றர் வாங்குங்கள். இந்தச் சுருளை வீண் என்று நினைத்து வெட்டச் சொல்பவர்கள் உண்டு. ஒருநாள் மண்வெட்டி பட்டால் அந்தப் பத்து மீற்றர்தான் முழுக் கேபிளையும் காப்பாற்றும்.

எத்தனை கோர் (கேபிளுக்குள் உள்ள கண்ணாடி நூல்)? ஒரு இணைப்புக்கு இரண்டு கோர் போதும், ஒரே நூலில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் இருதிசை எஸ்.எப்.பி. (சுவிச்சில் சொருகி மின்னை ஒளியாக மாற்றும் சின்னப் பாகம்) வைத்தால் ஒன்றே போதும். ஆனாலும் 12 கோர் போடுங்கள். 2 கோருக்கும் 12 கோருக்கும் கேபிள் விலையில் உள்ள வேறுபாடு, ஒரு நாள் மண் வெட்டும் கூலியோடு பார்த்தால் பெரிதில்லை. நாளைக்குக் கமராவைத் தனியே பிரிக்கவும், ஒரு கோர் கெட்டால் அடுத்ததுக்கு மாற்றவும், அடுத்த களஞ்சியம் கட்டும்போது நீட்டவும் கையில் கோர் இருக்கும்.

வேலையை எப்போது வைப்பது? மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரையான வெயில் காலம் மண் வேலைக்கு உகந்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாவியோரத்திலும் கரையோரத்திலும் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே நீர் ஊறும். கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணலில் வெட்ட வெட்டக் கரை சரியும். மில்காரர்கள் வேளாண்மை வெட்டையும் பார்க்க வேண்டும்: பெரும்போக நெல்லும் சிறுபோக நெல்லும் வந்து குவியும் கிழமைகளில் வளவுக்குள் கான் வெட்டிப் போட்டால் லொறிக்காரர்களின் ஏச்சுக்கு நீங்கள்தான் ஆள். ஜூன், ஜூலை மாதங்கள் அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில் வரும் நல்ல இடைவெளி.

பாதை உங்கள் வளவை விட்டு வெளியே போனால் கதையே வேறு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மட்டக்களப்பு - கல்முனை - அக்கரைப்பற்று பிரதான வீதியும் அதில் அடங்கும். உள்ளூர் ஒழுங்கைகளுக்கு மாநகர, நகர அல்லது பிரதேச சபையிடம் போக வேண்டும். எழுத்து அனுமதி இல்லாமல் வீதியைக் குறுக்கே வெட்டாதீர்கள். "கறன்ட் கம்பத்தில் கட்டிவிடலாம் அண்ணன், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அனுமதியில்லாமல் மின்கம்பத்தில் கட்டிய கேபிளை எந்த நாளும் அறுத்தெறியலாம். அதைவிட, ஏறுபவரின் உயிர் போகும் வேலை அது.

எந்தக் கேபிள் என்பதை நீங்களே எழுதுங்கள்

சிங்கிள் மோட் (நடு மெல்லிய, தூரத்துக்குப் போகும் வகை), 9/125 (நூலின் நடுவும் வெளியும் எத்தனை மைக்ரோன் என்பது), தர எண் ஜி.652.டி அல்லது வளைவைக் கூடுதலாகத் தாங்கும் ஜி.657.ஏ1. இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நடு பருத்த மல்ரி மோட் ஒரே அறைக்குள் சேர்வர்களை இணைக்க நல்லது, ஓ.எம்.3 வகையில் 10 கிகாபிட் 300 மீற்றர் வரைதான் போகும். வெளியே மண்ணுக்குள் போடும் கேபிள் இருபது வருடம் கிடக்கப் போவது, அதற்குச் சிங்கிள் மோட்தான். வேகத்தைக் கூட்ட வேண்டிய நாளில் முனைகளில் உள்ள எஸ்.எப்.பி.யை மட்டும் மாற்றினால் போதும்.

சந்தையில் சுலபமாகக் கிடைப்பது ஜி.வை.எக்ஸ்.ரி.டபிள்யூ என்ற வகை. நடுவில் ஜெலி நிரப்பிய ஒரு குழல், அதைச் சுற்றி நெளிந்த உருக்குத் தகடு, உறையின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு உருக்குக் கம்பி. எலிக்கும் மண்வெட்டியின் சின்ன அடிக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் உருக்கு இருக்கிறதே! மின்னலுக்காகப் பைபர் போட்டுவிட்டு இரண்டு கட்டடத்தையும் உருக்குத் தகட்டால் தொடுத்துவிட்டால் வந்த பயன் பாதி போய்விடும். இந்த வகையைப் போட்டால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே தகட்டையும் கம்பியையும் வெட்டி நில இணைப்பில் சேர்க்க வேண்டும், ராக் (உபகரணம் பூட்டும் அலமாரி) வரை கொண்டுபோகக் கூடாது. எங்கள் விருப்பம் உலோகமே இல்லாத, கண்ணாடி நார் கவசமிட்ட வகை. உள்ளூரில் இல்லையென்றால் கொழும்பிலிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். சில நாள் தாமதம் பெரிய விடயமில்லை.

மேலால் இழுப்பதை இயன்றவரை தவிருங்கள். தென்னோலை விழும், அணில் கடிக்கும், கச்சான் காற்றில் ஆடி ஆடிப் பிடிப்பான் அறுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் தானே தன் பாரத்தைத் தாங்கும் ஏ.டி.எஸ்.எஸ். வகை, 50 மீற்றருக்கொரு தூண், வைக்கோல் ஏற்றிய லொறியின் உயரத்தை அளந்து அதற்கு மேல் ஒரு மீற்றர். தென்னை மரத்தைத் தூணாக்காதீர்கள், அது நிற்கும் இடத்தில் நிற்பதில்லை. கடலோரத்தில் சாதாரண இரும்புக் கொளுக்கி சீக்கிரம் உக்கிவிடும். துருப்பிடிக்காத உருக்கு என்று விலைமனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஆளைத் தெரிவது

கேட்டால் வருபவர்கள் மூன்று வகை. கமரா பூட்டுபவர், வயரிங் பாஸ், தொலைத்தொடர்பு நிறுவன வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்து ஓய்வில் தனி வேலை பார்ப்பவர். மூன்றாமவருக்கு ஒட்டும் கை பழகியிருக்கும்; மண் வேலையில் அக்கறை குறைவாக இருக்கலாம். முதல் இருவரும் மண்ணையும் குழாயையும் ஒழுங்காகச் செய்து, ஒட்டுவதற்கு வேறொருவரைக் கூட்டிவருவார்கள். அது குற்றமில்லை. ஆனால் யார் ஒட்டுகிறார், யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள். ஸ்ப்ளைசர் (கண்ணாடி நூலை உருக்கி ஒட்டும் கருவி) உங்களுடையதா, வாடகையா? வாடகையானால் நாளை ஒரு கோர் அறுந்தால் எத்தனை நாளில் கிடைக்கும்? முனையை பிக்டெய்ல் (ஒரு தலையில் கனெக்டர் பூட்டி வரும் குட்டை நூல்) வைத்து ஸ்ப்ளைஸ் பண்ணுவீர்களா, பாஸ்ட் கனெக்டர் குத்துவீர்களா? ஓ.ரி.டி.ஆர். (ஒளித் துடிப்பு அனுப்பி எந்த இடத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) இருக்கிறதா, அதற்கு முன்னால் சேர்த்து அளக்கும் லோஞ்ச் கேபிளும் இருக்கிறதா? கடைசியாகச் செய்த ஒரு வேலையின் அளவீட்டு அறிக்கையை, வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிட்டு அனுப்ப முடியுமா?

கடைசிக் கேள்விதான் சல்லடை. "லைட் எரியும் அண்ணன், பிறகென்ன அறிக்கை?" என்று பதில் வந்தால் அந்தப் பெயரைக் கோடு போட்டு வெட்டுங்கள். ஏன் என்பது கீழே.

பாஸ்ட் கனெக்டர் பற்றி ஒரு சொல். அதற்குள் இரண்டு கண்ணாடி முனைகள் ஒட்டப்படுவதில்லை, சின்னத் துளி ஜெல்லுக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. வீட்டு இணைப்புக்கு அவசரத்துக்கு உதவும். தவிட்டுத் தூசியும் மோட்டரின் அதிர்வும் தகரக் கூரைச் சூடும் உள்ள மில்லில் அதை நம்ப வேண்டாம்.

விலைமனுவில் என்ன இருக்க வேண்டும்

குறைந்தது இரண்டு பேரை வளவுக்கு வரச் செய்து, இருவருக்கும் ஒரே படத்தையும் ஒரே தாளையும் கொடுங்கள். வந்து பார்க்காமல் வட்ஸ்அப்பில் விலை சொல்பவர் பிறகு "இங்கே கொங்கிறீற் இருக்கிறதே" என்று தொடங்குவார். விலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: கேபிள் எத்தனை மீற்றர், எந்த வகை, குழாய், கான் வெட்டி மூட மீற்றருக்கு எவ்வளவு, கொங்கிறீற் உடைத்துப் பூச எவ்வளவு, இழுவைக் குழி (கேபிளைப் பிடித்து இழுக்க வழியில் வைக்கும் குழி) எத்தனை, இரு முனைக்கும் சுவர்ப் பெட்டி, பிக்டெய்ல் 24, 24 ஒட்டு, பட்ச் கோட் (சுவர்ப் பெட்டியையும் சுவிச்சையும் இணைக்கும் குட்டைக் கேபிள்), எஸ்.எப்.பி. இரண்டும் மேலதிகமாக இரண்டும்; அளவீடும் அறிக்கையும். அறிக்கைக்குத் தனி வரி இருந்தால்தான் அது மறக்கப்படாது.

கேபிளின் உறையில் ஒவ்வொரு மீற்றருக்கும் எண் அச்சிட்டிருக்கும், வகையும் அச்சிட்டிருக்கும். இழுக்கும் முன் ஒரு முனையின் எண்ணையும், இழுத்து முடிந்ததும் மறுமுனையின் எண்ணையும் படமெடுங்கள். 0412 என்று தொடங்கி 0738 என்று முடிந்தால் போட்டது 326 மீற்றர். பில்லில் 380 என்று வந்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை, படத்தைக் காட்டினால் போதும்.

மண் வேலை: கெடுவது இங்கேதான்

ஒட்டு பிழைத்தால் அரை மணித்தியாலத்தில் வெட்டி மறுபடி ஒட்டலாம். கான் பிழைத்தால் திரும்ப வெட்ட வேண்டும். இருந்தும் அநேக முதலாளிமார் கான் வெட்டும் நாளில் கடையில் இருந்துவிட்டு, ஸ்ப்ளைசர் வரும் நாளில் வேடிக்கை பார்க்க வருவார்கள். மாறி வாருங்கள்.

ஆழம் சாதாரண நிலத்தில் இரண்டு அடி, லொறி போகும் இடத்தில் இரண்டரை அடிக்குக் குறையாமல். லொறிப் பாதையில் குழாய்க்கு மேல் கொங்கிறீற் ஒரு பூச்சு, அல்லது அந்தத் துண்டுக்கு மட்டும் ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய். வயரிங்குக்குப் பாவிக்கும் மெல்லிய பி.வி.சி. மண்ணுக்குள் நசுங்கும். தண்ணீருக்குப் போடும் தடித்த ரைப் 1000 பி.வி.சி. ஒன்றரை அங்குலம், அல்லது சுருளாக வரும் எச்.டி.பி.ஈ. குழாய் போடுங்கள். எச்.டி.பி.ஈ. எங்களுக்குப் பிடித்தது, பொருத்து குறைவு என்பதால் நீர் புகும் வாயும் குறைவு.

தண்ணீர்க் குழாயைப் பாவிப்பதில் ஒரு வினை உண்டு. மூன்று வருடம் கழித்து வரும் பிளம்பர் அதைத் தண்ணீர்க் குழாய் என்றே நினைத்து, ரீ (கிளைப் பொருத்து) போட வாள் வைப்பார். ஆகவே குழாய்க்கு ஓரடி மேலே, மண் மூடும் நடுவில், எச்சரிக்கை நாடாவை நீளத்துக்கும் விரியுங்கள். 280 மீற்றருக்கு அதற்கு ஆகும் செலவு, அறுந்த கேபிளை ஒட்ட ஒருவரைக் கூப்பிடும் செலவுக்குக் கிட்டவும் வராது. மின்வயர் போகும் கானில் சேர்த்துப் போடாதீர்கள். பைபருக்கு மின்னால் கேடில்லை. பழுது பார்க்கத் தோண்டும் ஆளுக்குத்தான் கேடு.

மூலையில் எல்போ பூட்டக் கூடாது, நீண்ட வளைவுதான். ஒரு இழுவைக் குழியிலிருந்து அடுத்தது வரை 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல் போகக் கூடாது. 50, 60 மீற்றருக்கொரு குழி, திரும்பும் இடமெல்லாம் ஒரு குழி. குழியின் அடியில் கொங்கிறீற் போடாமல் சரளை நிரப்புங்கள், நீர் வடியட்டும்.

இழுக்கும்போது கேபிளின் வெளி உறையில் கயிறு கட்டி இழுத்தால் உறை நீளும், உள்ளே நூல் நெருக்குப்படும். உள்ளிருக்கும் வலுக் கம்பியில் அல்லது நாரில் கட்டித்தான் இழுக்க வேண்டும். டிராக்டர், மோட்டார் சைக்கிள் எதுவும் வேண்டாம், ஆள் கைதான். வழுக்க வேண்டுமானால் நீர்ச்சார்ந்த கேபிள் வழுக்கி. என்ஜின் ஒயிலும் கிறீஸும் உறையைக் கெடுக்கும். இழுக்கும்போது வளைவின் ஆரை கேபிள் விட்டத்தின் 20 மடங்குக்குக் குறையக் கூடாது, போட்டு முடிந்தபின் 10 மடங்கு. 8 மில்லிமீற்றர்க் கேபிளுக்கு இழுக்கும்போது 16 சென்ரிமீற்றர் ஆரை. ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சற்றுப் பெரிய வட்டம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடும் முன் திறந்த கானில் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று. தூரத்தைக் கிணற்றுக் கட்டிலிருந்தும் மதில் மூலையிலிருந்தும் குறியுங்கள். மரத்திலிருந்து குறிக்காதீர்கள். தென்னைகளைச் சாய்த்துப் போட்ட 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு இந்தக் கரையில் மரத்தை அடையாளம் வைப்பவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குழாயின் இரு வாயையும் அடைக்காமல் விட்டால் மாரியில் குழாய் முழுக்க நீர் நிற்கும். ஜெலி நிரப்பிய கேபிள் அதைத் தாங்கும். ஆனால் அந்த நீர் சுவர் வழியாக ராக் வரை வரும், எறும்பும் பல்லியும் அதே வழியால் வந்து பெட்டிக்குள் குடியிருக்கும். வாயை அடைப்பான் வைத்து மூடுங்கள். குழாய் கட்டடத்துக்குள் கீழிருந்து மேல் நோக்கி ஏறட்டும். நடுவழியில் ஒட்டு வருவதைத் தவிருங்கள். வந்தே ஆக வேண்டுமானால் நீர் புகாத ஐ.பி.68 தரக் குவிமாடப் பெட்டிக்குள், குழிச் சுவரில் உயரத்தில் தூக்கிக் கட்டி.

ஒட்டும் நாள்

ஒட்டுவது வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. கச்சான் அடிக்கும் பின்னேரம் வாசலில் இருந்து ஒட்டினால் ஒவ்வொரு முனையிலும் மணல் துகள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நடுவில் விழும் ஊர்களில், காலையில் தொடங்கிப் பாதியில் விட்டுப் போகும்படி வைக்காமல் வேறு நாளைப் போடுங்கள்; இரு முனையிலும் 24 ஒட்டு என்பது அளவீட்டோடு சேர்த்து ஒரு பகல் வேலை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தொடங்கும் முன் ஸ்ப்ளைசரில் ஆர்க் (நூலை உருக்கும் மின்பொறி) அளவுத்திருத்தம் செய்கிறாரா. கொழும்பு ஏசி அறையிலும் கல்லடி உப்புக் காற்றிலும் அந்தப் பொறி ஒரே மாதிரி இராது. ஜெலியை முழுதாகத் துடைத்து, 99 வீத ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைக்கிறாரா, அல்லது பாமசி ஸ்பிரிட்டா? ஸ்பிரிட்டில் நீர் இருக்கும், கறை விடும். வெட்டிய ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் மூடியுள்ள போத்தலில் போடுகிறாரா? இது உங்கள் காலுக்கான கேள்வி: வெறுங்காலோடு நடக்கும் கந்தோரில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துண்டு பாதத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. ஒளி வரும் கோர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்; அது கண்ணுக்குத் தெரியாத கதிர்.

கோர்களின் நிற வரிசை நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, நீலப்பச்சை. இரு முனையிலும் நீலம் ஒன்றாம் துளையில் தொடங்குகிறதா என்று எட்டிப் பாருங்கள். கனெக்டரில் பச்சைத் தலை ஏ.பி.சி., முனை 8 பாகை சரிவு. நீலத் தலை யு.பி.சி. இரண்டையும் ஒன்றோடொன்று சொருகினால் இழப்பு ஏறும், முனையும் கெடும். சொருக முடிகிறதே என்று சொருகுவதுதான் பிழை.

பெட்டிக்குள் நூலைச் சுருட்டிய பிறகு பிளாஸ்டிக் டையால் இறுக்கினால் அங்கேயே ஒரு வளைவு இழப்பு பிறக்கும். வெல்குறோ நாடா போதும்.

"லைட் எரியுது" என்பது அளவீடு அல்ல

கணக்கைப் பார்ப்போம். சிங்கிள் மோடில் 1310 நானோமீற்றர் அலைநீள ஒளிக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.35 டிபி (ஒளி இழப்பின் அலகு) இழப்பு. 330 மீற்றருக்கு 0.12. ஒட்டு ஒன்றுக்கு அதிகபட்சம் 0.3, இரண்டுக்கு 0.6. கனெக்டர் பொருத்து ஒன்றுக்கு அதிகபட்சம் 0.75, இரண்டுக்கு 1.5. தர விதிப்படி கூடியபட்சம் 2.2 டிபி. கைதேர்ந்தவர் செய்தால் 1 டிபிக்குள் முடிந்துவிடும், ஒட்டு ஒன்று 0.1க்குக் கீழேதான் வரும்.

10 கிலோமீற்றர் போகும் சாதாரண எஸ்.எப்.பி. ஜோடியோ 9, 10 டிபி இழப்பையும் தாங்கும். அதாவது மட்டமான ஒட்டும் நெரிந்த வளைவும் சேர்ந்து 6 டிபி தின்றாலும் முதல் நாள் லைட் பச்சையாக எரியும், கமரா தெரியும், காசு கைமாறும். பிறகு மாரி வரும். பெட்டிக்குள் ஈரம் ஏறும், மண் இறங்கி வளைவு இன்னும் இறுகும், எஸ்.எப்.பி. முதுமையடையும். ஒரு ராத்திரி இணைப்பு போகும். அப்போது யார் பிழை என்று காட்ட ஒரு தாளும் இராது.

ஆகவே இரண்டு அளவீடு கேளுங்கள். ஒன்று, ஒளி மூலமும் பவர் மீற்றரும் வைத்து முனைக்கு முனை மொத்த இழப்பு, ஒவ்வொரு கோருக்கும். பாவிக்காத பத்துக் கோரும் இதில் அடங்கும். மற்றது ஓ.ரி.டி.ஆர்., 1310, 1550 இரண்டிலும், இரு பக்கத்திலிருந்தும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் சில ஒட்டுகள் உள்ளதைவிட நன்றாகவும், சில மோசமாகவும் தெரியும். இரண்டின் சராசரிதான் உண்மை. 1310இல் சரியாக இருந்து 1550இல் இழப்பு ஏறினால் அங்கே ஒரு வளைவு நெரிகிறது என்று அர்த்தம், ஒட்டில் பிழை தேட வேண்டாம். லோஞ்ச் கேபிள் இல்லாமல் அளந்தால் முதல் கனெக்டர் கருவியின் குருட்டுப் பகுதிக்குள் மறைந்துவிடும். ஸ்ப்ளைசர் திரையில் "0.01" என்று காட்டுவது அந்தக் கருவியின் ஊகம், அதைப் படமெடுத்து அறிக்கை என்று தந்தால் ஏற்காதீர்கள்.

காசும் கையளிப்பும்

நாங்கள் சொல்லும் பங்கு: பொருட்களுக்கு 40 வீதம் முற்பணம், கேபிள் இழுத்துக் கான் மூடியதும் 30, அறிக்கையும் வரைபடமும் கைக்கு வந்ததும் 20, மாரி கழிந்து பெப்ரவரியில் பவர் மீற்றரால் ஒரு தரம் மறுபடி அளந்து காட்டியதும் மிச்சம் 10. இந்தக் கடைசிப் பத்தை முதலே பேசி எழுதிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு பிடித்துவைத்தால் அது அநியாயம், நல்ல ஆள் அடுத்த முறை வரமாட்டார். வேலைக்கு ஒரு வருட உத்தரவாதம், அறுந்தால் எத்தனை மணித்தியாலத்தில் வருவார், வரும் கூலி எவ்வளவு, இவையும் அதே தாளில். எலி, மண்வெட்டி, ஜே.சி.பி. இவற்றால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது என்று அவர் எழுதினால் அது நியாயமே.

கையளிக்கும்போது வாங்க வேண்டியது: அளவீட்டுக் கோப்புகள் பென்டிரைவில், பாதை வரைபடம், கான் படங்கள், கோர் பட்டியல், மிஞ்சிய கேபிள். மிஞ்சியதை அவர் கொண்டுபோகவிடாதீர்கள், காசு கொடுத்தது நீங்கள். வெட்டிய முனைக்கு மூடி போட்டு, வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

இணைப்பு போனால், ஆளைக் கூப்பிடும் முன்

முதலில் அடாப்டரைப் பாருங்கள். மீடியா கொன்வேட்டர் (பைபரைச் செப்புக் கேபிளுக்கு மாற்றும் சின்னப் பெட்டி) வைத்த இடங்களில் சாவது கண்ணாடி அல்ல, அதன் சின்ன அடாப்டர்தான். அடுத்து எஸ்.எப்.பி.யை மேலதிகமாக வாங்கி வைத்ததோடு மாற்றிப் பாருங்கள். இருதிசை வகையானால், உதாரணத்துக்கு ஒரு முனையில் 1310 அனுப்புவதும் மறுமுனையில் 1550 அனுப்புவதுமாக ஜோடி பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வகையைச் சொருகினால் ஒருபோதும் எழும்பாது. இரு கோர் இணைப்பில் யாராவது கழற்றிப் பூட்டியிருந்தால் ஒரு முனையில் மட்டும் இரண்டு தலையையும் இடம் மாற்றிப் பாருங்கள். பட்ச் கோட் முனையைக் கிளிக் துடைப்பானால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், சாரத்தால் துடைக்காதீர்கள். பிறகு பாவிக்காத கோர் ஒன்றுக்கு இரு முனையிலும் மாற்றிச் சொருகுங்கள். அதுவும் எழும்பவில்லையென்றால் முழுக் கேபிளுமே எங்கோ அறுந்திருக்கிறது. வளவுக்குள் அன்றைக்கு யார் தோண்டினார்கள் என்று கேட்டுவிட்டு, கான் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஓ.ரி.டி.ஆர். உள்ளவருக்கு அழைப்பெடுங்கள்.